துண்டுச்சீட்டில் வரும் கேள்விகள்: கடலூர்க் கல்லூரி மாணவர்களும் பாலியல் நலமும்

டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினம். அன்று காலை கடலூர் பாரதி சாலைப் பக்கம் போனால் கல்லூரி மாணவர்களின் பேரணியைப் பார்க்கலாம். சட்டையில் குத்திய சிவப்பு நாடா, கையில் பதாகை, முன்னால் கோஷம் போடும் ஒரு குரல். பேரணி முடிந்து அரங்கத்தில் உட்கார்ந்ததும் விநாடி வினா தொடங்கும். "எச்.ஐ.வி. எந்தெந்த வழிகளில் பரவும்?" என்று மேடையிலிருந்து கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். பாதுகாப்பற்ற உடலுறவு, பரிசோதிக்காத ரத்தம், சுத்தம் செய்யாத ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு. நான்கு வழிகளையும் மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல வரிசை மாறாமல் சொல்வார்கள்.

கல்லூரியில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான மாணவர் அமைப்பான செஞ்சுருள் சங்கத்தின் பொறுப்பைச் சில ஆண்டுகள் பார்த்தவள் நான். முதல் வருடம் அந்தப் பதில்களைக் கேட்டு எனக்கு நிறைவாகவே இருந்தது. அடுத்த வருடம் அரங்க வாசலில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்து, பெயர் போடாமல் எந்தக் கேள்வியும் எழுதிப் போடலாம், கையெழுத்து தெரிந்துவிடும் என்று பயந்தால் இடது கையால் எழுதுங்கள் என்று சொன்னோம். பெட்டியைத் திறந்தபோது எய்ட்ஸ் பற்றி ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. "சுயஇன்பம் பண்ணினா நரம்புத் தளர்ச்சி வருமா?" "வெள்ளைப்படுதல் இருந்தா எலும்பு உருகிடுமா மேடம்?" "நீர்க்கட்டி இருந்தா குழந்தையே பிறக்காதா?" "ஒரே ஒரு தடவைதான். அதுக்கே கர்ப்பம் ஆகுமா?" "எனக்குப் பையன்களைத்தான் பிடிக்குது. இது வியாதியா?"

ஒரு கொள்ளை நோயின் நான்கு வழிகள் தெரிந்த பிள்ளைக்குத் தன் உடம்பில் மாதாமாதம், சில சமயம் தினம் தினம் நடப்பது தெரியவில்லை. இதை வெட்கம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். வெட்கம் உண்டுதான். ஆனால் இந்த அறிவு இப்படி ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சூம்பிக் கிடப்பதற்குக் காரணம், நாம் இந்தப் பிள்ளைகளிடம் இதுபற்றிப் பேசியதெல்லாம் நாம் பயந்துபோன நேரங்களில் மட்டும்தான்.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களிடமிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் வைத்துப் பரிசோதித்தபோது இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. நாட்டில் எய்ட்ஸ் கதை தொடங்கிய இடம் தமிழ்நாடு. 1994-ல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சங்கம் அமைத்த முதல் மாநிலமும் இதுவே. 2000-களின் தொடக்கத்தில் புள்ளிராஜா என்ற கற்பனை ஆளை வைத்து ஒரு விழிப்புணர்வு விளம்பரம் வந்தது; பஸ் ஸ்டாண்டுகளிலும் சுவர்களிலும் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற கேள்வி பெரிய எழுத்தில் நின்றதை இப்போது 30 வயது தாண்டிய எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வேலை வீண்போகவில்லை. தமிழ்நாட்டில் தொற்று குறைந்ததில் அந்தப் பிரசாரங்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் உடலுறவு என்றால் நோய், ஆணுறை என்றால் "அந்த மாதிரி இடத்துக்குப் போகிறவன்" என்ற இணைப்பும் அதோடு சேர்ந்து மனத்தில் ஊறிவிட்டது. இப்போது முதலாண்டு படிக்கிறவர்கள் அந்தச் சுவரெழுத்துகளைப் பார்த்ததே இல்லை. அவர்களுடைய அப்பா அம்மா பார்த்தவர்கள்.

அந்த நான்கு வழிகளைத் தெரிந்துவைத்திருப்பதுகூட முழு அறிவு ஆகாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, கொசுக்கடியால் பரவாது, சேர்ந்து சாப்பிட்டால் பரவாது, ஆரோக்கியமாகத் தெரிகிறவருக்கும் தொற்று இருக்கலாம் என்பதையெல்லாம் சேர்த்துக் கேட்டது. நாடு முழுவதிலும் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் சுமார் 22 சதவீதமும் ஆண்களில் சுமார் 31 சதவீதமும்தான் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார்கள்.

சொல்லில் இருக்கிற சிக்கலையும் பார்க்க வேண்டும். செய்தித்தாளில் "பாலியல்" என்ற சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது? பாலியல் தொல்லை, பாலியல் வன்கொடுமை, பாலியல் புகார், பாலியல் தொழில். பத்து வயதிலிருந்து ஒரு பிள்ளை இந்தச் சொல்லைக் குற்றத்தின் முன்னொட்டாக மட்டுமே படித்து வளர்கிறது. "பாலியல் நலம்" என்று கரும்பலகையில் எழுதினால் பின் பெஞ்சில் சிரிப்பு வருகிறது, முன் பெஞ்சில் தலை குனிகிறது. பேச்சு வழக்கிலோ "மேட்டர்" இருக்கிறது, "அது" இருக்கிறது, கெட்ட வார்த்தை இருக்கிறது. டாக்டரிடம் சொல்வதற்கு ஒரு நடுத்தரச் சொல் இல்லை. புறநோயாளிப் பிரிவில் "கீழே எரிச்சலா இருக்கு" என்று தொடங்கி, வயிற்றுவலி மாத்திரையோடு திரும்பி வந்த பெண்களை எனக்குத் தெரியும். பொய் சொல்ல வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. அதற்கு மேல் சொல்ல வாயில் வார்த்தை வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லையா என்று கேட்பார்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்க மண்டலம் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மனித இனப்பெருக்கமும் இனப்பெருக்க நலமும் தனித்தனிப் பாடங்களாகவே இருக்கின்றன. கருத்தடை முறைகள், பால்வினை நோய்கள் எல்லாம் அதில் உண்டு. நல்ல பாடங்கள். ஆனால் அது உயிரியல் எடுத்தவர்களுக்கு. காமர்ஸ் குரூப், கலைப்பிரிவு, தொழிற்பிரிவு எடுத்த பிள்ளைக்குப் பத்தாம் வகுப்போடு உடம்பைப் பற்றிய படிப்பு முடிந்துவிடுகிறது. நான் பாடம் எடுத்தது வணிகவியல் துறையில். என் வகுப்பில் பெரும்பாலோர் பண்ருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்தவர்கள், வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்கள். உயிரியல் எடுத்த பிள்ளைகளுக்கும் அந்தப் பாடம் வரும்போது "நீங்களே படிச்சுக்குங்க, கொஸ்டின் வரும்" என்ற ஒரு வரியோடு பக்கம் புரண்டிருக்கும். அப்படித்தான் தங்களுக்கு நடந்தது என்று என் மாணவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. 2005-ல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2007-ல் பல மாநிலங்கள் அதை நிறுத்திவைத்தன. 2009-ல் மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வியே கூடாது என்று பரிந்துரைத்தது. 2014-ல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரைக்குமானது. இளங்கலை இரண்டாமாண்டு முடிக்கும்போது ஒரு மாணவருக்கு 19 முடிந்துவிடும். பாலுறவு, காதல், கல்யாணம் எல்லாம் நிஜமாக எதிரே வந்து நிற்கிற வயதில் திட்டம் கைவிட்டுவிடுகிறது.

ஆசிரியர் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டவர்களில் முதல் ஆள் லாட்ஜ் வைத்தியர். "சிறுவயதில் செய்த தவறுகளால் பாதிக்கப்பட்டவரா?" என்று தொடங்கும் நோட்டீஸைக் கழிப்பறைச் சுவரிலும் மின்கம்பத்திலும் பார்க்காத தமிழ் ஆண் கிடையாது. குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட ஊர் லாட்ஜில் சந்திக்கலாம் என்று இருக்கும். பிறகு அவர் டி.வி.க்குப் போனார். இப்போது போனில் இருக்கிறார். ஒரு காரியத்தை அவர் கச்சிதமாகச் செய்தார். எல்லாப் பையன்களும் செய்கிற ஒன்றைத் "தவறு" என்று சொல்லி, எல்லோருக்கும் எப்போதாவது வருகிற சோர்வு, ஞாபக மறதி, கை நடுக்கம் ஆகியவற்றை அதன் தண்டனையாகக் காட்டி, இரண்டுக்கும் நடுவில் "நரம்புத் தளர்ச்சி" என்ற சொல்லை வைத்தார். பரீட்சை நேரத்தில் தூக்கம் கெட்ட 19 வயதுப் பையனுக்கு இந்த அறிகுறிகள் எல்லாமே இருக்கும். நோட்டீஸ் தனக்கே எழுதியதுபோலத் தெரியும்.

உண்மையை நேராகச் சொல்லிவிடலாம். சுயஇன்பத்தால் நரம்பு தளராது, உறுப்பு வளையாது, சிறுக்காது, பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகாது. விந்து ரத்தத்திலிருந்து வடிவது இல்லை. விந்தணு விதைப்பையில் ஓயாமல் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. ஒரு தடவை வெளியேறுவது 2 முதல் 5 மில்லி, ஒரு டீஸ்பூனுக்கு மேல் போகாது. அதிலும் பெரும்பகுதி சுரப்பி நீர். தூக்கத்தில் வெளியேறுவதும் அப்படித்தான், நோய் இல்லை. படிப்பும் வேலையும் கெடும் அளவுக்கு அதிலேயே மனம் போனால்தான் யாரிடமாவது பேச வேண்டும்.

இருந்தும் இந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. அதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. சித்த மருத்துவம் உடலில் ஏழு தாதுக்கள் என்று வகுக்கிறது. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, கடைசியில் ஆணுக்குச் சுக்கிலம் என்கிற விந்து, பெண்ணுக்குச் சுரோணிதம். ஒன்றிலிருந்து ஒன்று வடிந்து வருகிற வரிசை இது. கடைசித் தாது வீணானால் முன்னால் உள்ள ஆறும் வற்றும் என்ற எண்ணம் அங்கிருந்து கிளம்பி, "நூறு சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து" என்று வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. மனநல மருத்துவர் என்.என். விக் 1960-ல் இந்த ஏக்கத்துக்குத் "தாத் சிண்ட்ரோம்" என்று பெயர் வைத்தார். அவரிடம் வந்தவர்களின் சோர்வும் படபடப்பும் உண்மை. காரணம் விந்து இல்லை, பயம். நம் பிள்ளைகளுக்கும் அதே கதைதான். பதற்றத்துக்கு மருத்துவம் இருக்கிறது, டெலி-மானஸ் என்ற மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது. லாட்ஜில் விற்கிற லேகியம் அதற்கு மருந்து ஆகாது. பாலியல் திறனைக் கூட்டுவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 70 வருடங்களுக்கு மேலாகச் சட்டமும் இருக்கிறது, நோட்டீஸும் இருக்கிறது.

பெண்கள் பக்கம் வந்தால் இதே பயம் வேறு பெயரில் நிற்கிறது. வெள்ளைப்படுதல். "எலும்பு உருகி வெளியே போகுது" என்று பாட்டி சொல்லியிருப்பார், பெண் இளைத்துப்போனால் "வெள்ளை போகுதா?" என்றுதான் முதல் விசாரணை. ஆணுக்குச் சுக்கிலம், பெண்ணுக்கு என்பு. இரண்டு பேருமே தங்கள் உடம்பின் சத்து ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரே வகுப்பறையில், நடைபாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைக் கவனித்த நாளிலிருந்து ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கூட்டம் நடத்துவது பாதி வேலையே என்று எனக்குத் தோன்றிவிட்டது.

மாதவிடாய்ச் சுழற்சியின் நடுநாள்களில் முட்டை வெள்ளைக்கரு போல வழவழப்பாக வருவதும், மற்ற நாள்களில் கொஞ்சமாக வருவதும் பெண்ணுறுப்பு தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்கிற ஏற்பாடு. எலும்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அரிப்பு, கெட்ட வாடை, தயிர்த் திப்பி போல் கெட்டியாதல், பச்சை அல்லது மஞ்சள் நிறம், அடிவயிற்று வலி, இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அது தொற்று. மருந்து சாப்பிட்டால் சரியாகும். "சூட்டு உடம்பு" என்று சொல்லி வெந்தயமும் மோருமாக மாதக்கணக்கில் ஓட்டுவதில்தான் ஆபத்து. வெந்தயம் கெடுதல் செய்வதில்லை. காத்திருக்கிற நாள்கள்தான் கெடுதல் செய்கின்றன.

இந்தப் பெண்களில் பலருக்குப் பூப்பு நீராட்டு விழா நடந்திருக்கும். மண்டபம், மாமன் சீர், தெருமுனையில் பெண்ணின் படத்தோடு பிளெக்ஸ். ஊருக்கே தெரிந்த அந்தச் செய்தியின் பொருளை அந்தப் பெண்ணுக்கு மட்டும் யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். ஏன் ரத்தம் வருகிறது, எத்தனை நாள் வந்தால் இயல்பு, எவ்வளவு வலி அதிகம் என்று கேட்டால் தெரியாது. அப்புறம் கல்லூரியில் இரண்டு மாதம் தள்ளிப்போய் ஸ்கேன் எடுத்தால் "நீர்க்கட்டி" என்று எழுதித் தருவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் கட்டி என்றும், அறுவை என்றும், மலடு என்றும் மனம் ஓடுகிறது. உண்மையில் அவை முழுதாக முதிராமல் சினைப்பையில் தங்கிவிட்ட சிறு முட்டைப் பைகள். ஹார்மோன் சமநிலைக் கோளாறு. ஏறக்குறைய பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது. அதோடு பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அம்மாக்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பீரோவில் பூட்டிவைக்கிறார்கள்.

கருத்தடை பற்றிப் பேசினால் மாணவர்கள் எல்லோரும் திடீரென்று சின்னப் பிள்ளைகளாகிவிடுகிறார்கள். "கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சுக்குவோம்" என்பார்கள். இதே தமிழ்நாட்டில் 1930-களில் சுயமரியாதை இயக்கத்தார் கர்ப்பத்தடையைப் பொதுமேடையில் பேசினார்கள், பெண்ணின் விடுதலையோடு சேர்த்தே பேசினார்கள். அந்த மேடைகளின் பேத்திகள் "பப்பாளி, எள்ளு, அன்னாசி சாப்பிட்டால் கலைந்துவிடும்" என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கலையாது. "முதல் தடவை ஆகாது" என்பதும் தப்பு. "பீரியட்ஸ் முடிந்த ஒரு வாரம் சேஃப்" என்பதும் நம்பத் தகுந்தது இல்லை. விந்தணு உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். சுழற்சி சிறியதாக இருந்தாலோ ஒழுங்கில்லாமல் இருந்தாலோ அந்தக் கணக்கு தவறிவிடும்.

எளிதாகக் கிடைப்பவற்றில் ஆணுறை ஒன்றுதான் கர்ப்பத்தையும் தொற்றையும் சேர்த்துத் தடுக்கிறது. அதைப் பற்றித் தெரியும் என்கிற பையனுக்கும், பர்ஸில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் சூட்டிலும் உரசலிலும் ரப்பர் நைந்துவிடும் என்பது தெரியாது. நம் வீடுகளில் எதற்கும் கைநீட்டி எடுக்கிற தேங்காய் எண்ணெய் லேடெக்ஸ் ஆணுறையைக் கிழித்துவிடும் என்பதும் தெரியாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டால் இரட்டைப் பாதுகாப்பு இல்லை, இரண்டும் கிழியத்தான் வாய்ப்பு கூடுகிறது.

மருந்துக்கடையில் நான் கண்ட ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது. மாசி மகத்துக்கோ ஆடித் திருவிழாவுக்கோ முன்னால் பீரியட்ஸைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டால், டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் ஹார்மோன் மாத்திரைதான். ஆனால் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டால், தமிழ்நாட்டின் பல கடைகளில் "அதெல்லாம் வைக்கிறதில்லைம்மா" என்ற பதில்தான். இந்தியாவில் 2005 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்க அனுமதி உள்ள மாத்திரை அது. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போட்டு வேலை செய்கிறது. தங்கிவிட்ட கருவை அது கலைக்காது. அடிக்கடி போட்டுக்கொள்கிற மாத்திரையும் அல்ல. சாமிக்காக என்றால் ஹார்மோன் சரி, தனக்காக என்றால் கேள்வி. இதைத் தனிப்பட்ட கடைக்காரரின் குற்றமாக நான் பார்க்கவில்லை, ஊரின் மனசு கடையில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த 72 மணி நேரம் தவறிய பிறகுதான் பெரிய அபாயம். சீட்டு இல்லாமல் திருட்டுத்தனமாகக் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி, ஹாஸ்டல் அறையில் போட்டுக்கொண்டு, ரத்தப்போக்கு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை பலிக்காது, குழாய் வெடித்து உயிரே போகலாம். கல்யாணம் ஆகாதவளுக்குக் கருக்கலைப்புச் சட்டவிரோதம் என்று எல்லோரும் நம்புவதுதான் இத்தனைக்கும் அடி. 1971-ம் ஆண்டுச் சட்டத்தில் 2021-ல் செய்த திருத்தம், கருத்தடை தவறிப்போன கர்ப்பத்துக்கு "மணமான பெண், அவள் கணவன்" என்றிருந்த இடத்தைப் "பெண், அவள் துணைவர்" என்று மாற்றிவிட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 24 வாரம் வரையிலான வசதியும் மணமாகாதவர்களுக்கு உண்டு என்று சொல்லிவிட்டது. 18 வயது முடிந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். அப்பா கையெழுத்தோ வேறு யார் கையெழுத்தோ தேவையில்லை. அவள் பெயரை வெளியே சொல்வது மருத்துவருக்குக் குற்றம்.

18 முடியாவிட்டால் நிலைமை வேறு. இதை ஒவ்வொரு முதலாண்டு வகுப்பிலும் முதல் வாரமே சொல்ல வேண்டும் என்பேன். பிளஸ் டூ முடித்து வருகிற பிள்ளைக்கு வயது 17. போக்ஸோ சட்டம் 18-க்குக் கீழே சம்மதம் என்ற ஒன்றையே ஏற்பதில்லை. 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் காதலித்து நெருங்கினால், சட்டத்தின் கண்ணில் அவன் குற்றவாளி. விஷயம் தெரிந்த மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டியது கட்டாயம். 2022 தீர்ப்பு இதில் ஒரு சின்ன வழி திறந்தது: கருக்கலைப்புக்கு வருகிற சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவள் அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை. நான் பேசியவரைக்கும் முதலாண்டு மாணவர்களில் இது தெரிந்தவர் யாரும் இல்லை.

சம்மதம் என்ற சொல்லையே பெரும்பாலோர் கல்யாணப் பேச்சில்தான் கேட்டிருக்கிறார்கள். காதலிக்கிறவள் என்றால் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சம்மதம் சொல்லிவிட்டாள் என்று பையன்கள் நினைக்கிறார்கள். பெண்கள் பலரும் "வேண்டாம்னு சொன்னா விட்டுட்டுப் போயிடுவானோ" என்று கவலைப்படுகிறார்கள். போனில் படம் கேட்பதும், கொடுத்த படத்தை வைத்து மிரட்டுவதும் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன. மிரட்டலுக்கு ஆளானவர் 1930 என்ற சைபர் உதவி எண்ணிலோ 181 மகளிர் எண்ணிலோ பேசலாம். படம் கொடுத்தது அவர் குற்றம் ஆகாது.

கடலூர் மாவட்டத்தில் இந்த மௌனத்துக்கு இன்னொரு கனமான காரணமும் இருக்கிறது. 2003-ல் விருத்தாசலம் பக்கத்தில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட படித்த இளம் தம்பதியை விஷம் கொடுத்துக் கொன்றார்கள். அந்த வழக்கில் கடலூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது 2021-ல். ஒரு பெண் மெடிக்கல் ஷாப்பில் நின்றாள், ஒரு பையனோடு பேசினாள் என்ற செய்தி வீட்டுக்குப் போனால் படிப்பு நின்று அவசரக் கல்யாணம் நடக்கும். அதற்கு மேலும் நடக்கும். தன் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்டாலே "இவளுக்கு ஏன் இது?" என்ற கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் இடது கையால் எழுதுகிறாள்.

"எனக்குப் பையன்களைத்தான் பிடிக்குது" என்று எழுதிய மாணவனுக்குப் பதில் எளிது. அது வியாதி இல்லை. 2018 செப்டம்பர் 6 முதல் குற்றமும் இல்லை. மாற்றுகிறேன் என்று சொல்லிச் சிகிச்சை கொடுப்பதைத்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தடுத்தது. அதே வழக்கின் தொடர்ச்சியாக, இப்படிப்பட்டவர்களைக் குறிக்க மதிப்பான தமிழ்ச் சொற்களின் பட்டியலை 2022-ல் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது. கூத்தாண்டவர் திருவிழாவைச் சித்திரை தோறும் பார்த்து வளர்கிற இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருநங்கைகள் புதியவர்கள் இல்லை. ஆனாலும் வகுப்பில் ஒருவன் நளினமாக நடந்தால் கேலி ஓய்வதில்லை. "திருநங்கை" என்ற சொல் வந்த பிறகு பழைய வசைச்சொற்கள் கொஞ்சம் பின்வாங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். சொல் கிடைத்தால் பேச்சு நகரும் என்ற நம்பிக்கை எனக்கு அங்கிருந்து வந்தது.

எய்ட்ஸ் பற்றித் தெரிந்ததாக நினைப்பதும் பழையதாகிவிட்டது. மாணவர்கள் மனத்தில் எச்.ஐ.வி. என்றால் எலும்பும் தோலுமான ஓர் உருவம், அப்புறம் சாவு. 2004-லிருந்து அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். இப்போது பெரும்பாலோருக்குத் தினம் ஒரே ஒரு மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரஸ் அளவு பரிசோதனையில் தென்படாத நிலைக்கு வந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவுவதில்லை. ஆபத்தான தொடர்பு நடந்துவிட்டது என்றால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் 28 நாள் தடுப்பு மருந்து உண்டு. இவற்றில் ஒன்றும் பேரணிப் பதாகையில் வருவதில்லை.

மற்ற பால்வினை நோய்களோ பேச்சிலேயே இல்லை. சிபிலிஸ் புண் வலிக்காது, சில வாரங்களில் தானாகவே ஆறியும்விடும். ஆறிவிட்டது என்று விட்டால் உள்ளே வளரும். கிளமீடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது, கருக்குழாய் அடைபட்ட பிறகு குழந்தையின்மைக்குப் பார்க்கும்போதுதான் தெரியவரும். "சுத்தமா இருக்கிற ஆளுக்கு வராது" என்ற நம்பிக்கை இங்கேதான் காலை வாரிவிடுகிறது. எச்.பி.வி. வைரஸின் 16, 18 வகைகள் கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, இந்தியத் தயாரிப்பும் வந்துவிட்டது. பாலுறவு தொடங்கும் முன்பு சிறுவயதில் போடுவது நல்லது. கல்லூரி வயதிலும் போட்டுக்கொள்ளலாம், ஆண்களும் போட்டுக்கொள்ளலாம்.

எங்கே போவது? எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்ற பெயர்ப்பலகையைத் தேட வேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் உண்டு. காசு கிடையாது. முதலில் ஆலோசகர் தனியாக உட்காரவைத்துப் பேசுவார், சம்மதம் கேட்பார், பிறகு ரத்தம் எடுப்பார்கள். முடிவை உங்களிடம்தான் சொல்வார்கள்; வீட்டுக்கோ கல்லூரிக்கோ சொல்ல 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் விடாது. போவதற்கு முன் கேட்டுத் தெளிய 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

ஆனாலும் கடலூர் மாணவர்கள் பாண்டிக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். இருபது சொச்சம் கிலோமீட்டர். முள்ளோடை தாண்டினால் வேறு அரசு, வேறு ஊர், யாரும் "நீ அவர் பொண்ணுதானே?" என்று கேட்க மாட்டார்கள். ஆணுறை வாங்குவதற்கும் சரி, ரத்தம் கொடுப்பதற்கும் சரி, அந்த எல்லைக்கல் அவர்களுக்கு ஒரு திரை. பாண்டியில் படிக்கிறவர்கள் இதற்காகவே இந்தப் பக்கம் வருவதையும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஜிப்மர் மருத்துவமனை அங்கே கோரிமேட்டிலேயே இருக்கிறது, ஆனால் தெரிந்த முகம் இருக்குமோ என்ற பயம் அங்கேயும் இருக்கிறது.

புறநோயாளிப் பிரிவு காலையில் நடக்கிறது. அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஷிஃப்ட் படிப்பவர்களுக்கு அந்த நேரம் கையில் இருக்கிறது. முதல் ஷிஃப்ட்காரர்கள் வருகைப்பதிவை விட்டுவிட்டு வர வேண்டும், ஏன் வரவில்லை என்று மறுநாள் துறைத்தலைவருக்குக் கடிதம் எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதத்தில் "வயிற்றுவலி" என்று எழுதியிருந்தால் நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வேன்.